பேட்டரி செய்த மற்ற வேலைகள்

பழைய கைக்கருவி ஒன்றுக்கு மறுபடி உயிர் கொடுக்க நினைப்பவர் முதலில் தேடுவது பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணை. 3.7 வோல்ட் என்று போட்டிருந்தால் 3.7, 6 என்று போட்டிருந்தால் 6. அந்த பேட்டரி இப்போது கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் நம்ப முடியாது. அதே வோல்ட்டை வேறு எதிலிருந்தாவது எடுத்து இரண்டு கம்பி வழியாகக் கொடுத்துவிட்டால் கருவிக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? மாநகராட்சிக் குழாயில் வந்தால் என்ன, லாரியில் வந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே. இந்தக் கணக்கு பல சமயம் பலிக்கும். பலிக்காமல் போகும் சமயங்கள்தான் நமக்குப் பாடம். கேமரா வெளிச்சத்தைத் தப்பாக அளக்கும். கால்குலேட்டரின் சில்லு செத்துப்போகும். கைபேசி தன் நிறுவனத்தின் பெயரைத் திரையில் ஒரு முறை காட்டிவிட்டு அணைந்துவிடும். மூன்றிலும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது.

காரணம், அந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் பேட்டரியிடமிருந்து மின்சாரத்தோடு அதன் குணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு செல் எவ்வளவு காலம் ஒரே வோல்ட்டில் நிற்கும், திடீரென்று நிறையக் கேட்டால் எப்படி நடந்துகொள்ளும், வெளியிலிருந்து மின்சாரம் வந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளுமா என்பதெல்லாம் அதனதன் வேதியியலோடு ஒட்டிவந்த பழக்கங்கள். ஒரு பாகத்தைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று சதா கணக்குப் போடும் பொறியாளர், பேட்டரியே செய்துவிடுகிற வேலைக்குத் தனியாக ஒரு பாகம் வைப்பாரா? வைக்க மாட்டார். அதில் குற்றம் சொல்லவும் ஒன்றுமில்லை, நல்ல சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனம் மின்சுற்றுப் படத்தில் தெரியாது. படத்தில் பேட்டரி என்பது ஒரு நீளக்கோடும் ஒரு குட்டைக்கோடும், அவ்வளவுதான். வீட்டில் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போனபிறகு எது எது நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் அவர் என்னென்ன செய்தார் என்று தெரிந்துகொள்கிறோம். பேட்டரியும் அப்படித்தான். எத்தனை வோல்ட் என்று கேட்பதோடு நிறுத்தினால் போதாது, அந்தக் கருவி பேட்டரியின் எந்தக் குணத்தின்மேல் சாய்ந்து நின்றது என்றும் கேட்டாக வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கேமரா. 1960-களிலும் 70-களிலும் வந்த ஃபிலிம் கேமராக்களில் பலவற்றுக்கு உள்ளேயே ஒரு ஒளிமானி உண்டு. காட்மியம் சல்ஃபைடு என்ற பொருளின் மின்தடை வெளிச்சம் கூடினால் குறையும். அதையும் ஒரு பட்டன் செல்லையும் நுண்மையான முள்மீட்டர் ஒன்றையும் தொடராக இணைத்தால், வெளிச்சம் கூடக்கூட மின்னோட்டம் கூடும், முள் நகரும். எளிமையான ஏற்பாடு. ஆனால் முள்ளை நகர்த்துவது வெளிச்சம் மட்டுமா? ஓமின் விதிப்படி மின்னோட்டம் என்பது வோல்ட்டை மின்தடையால் வகுத்த ஈவு. வோல்ட் மாறினாலும் முள் நகரும். முள்ளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. எனவே இந்த ஏற்பாடு நேர்மையாக அளக்க வேண்டுமென்றால் செல்லின் வோல்ட் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் செல் ஒன்று அப்போது இருந்தது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சாமுவேல் ரூபன், மேலரி நிறுவனத்தோடு சேர்ந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கிய பாதரச செல் அது. (மேலரிதான் பின்னாளில் டியூராசெல் ஆனது.) அதன் வோல்ட் 1.35. பிஎக்ஸ்-625 என்ற பெயரில் சட்டைப் பொத்தான் அளவில் வந்த அந்த செல்லை நம்பித்தான் 1966-ல் வந்த மினோல்டா எஸ்ஆர்டி-101 போன்ற கேமராக்கள் அளவிட்டன.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதரச செல் ஏன் அசையாமல் நிற்கிறது, டார்ச்சிலும் ரிமோட்டிலும் போடுகிற ஆல்கலைன் செல் ஏன் நாளுக்கு நாள் இறங்குகிறது? ஒரு செல்லின் வோல்ட்டைத் தீர்மானிப்பது அதன் உருவ அளவு அல்ல; உள்ளே எந்தப் பொருள் எந்தப் பொருளாக மாறுகிறது என்பதே. பாதரச செல்லில் துத்தநாகம் துத்தநாக ஆக்சைடாகிறது, மெர்குரிக் ஆக்சைடு வெறும் பாதரசமாகிறது. பாதி தீர்ந்த செல்லைத் திறந்து பார்த்தால் மெர்குரிக் ஆக்சைடு பாதிதான் இருக்கும். ஆனால் இருக்கிற பாதி, முதல் நாள் இருந்த அதே தூய ஆக்சைடு. மூட்டையிலிருந்து அரிசி எடுக்க எடுக்க மூட்டை சிறுக்கும், அரிசி அதே அரிசி. ஆல்கலைன் செல்லில் இருக்கும் மாங்கனீசு டைஆக்சைடின் கதை வேறு. அது வேறொரு பொருளாகத் தனியே பிரிந்து போவதில்லை. தன் படிகத்துக்குள்ளேயே ஹைட்ரஜன் அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு முழுவதுமாகத் தன்மை மாறிக்கொண்டே போகிறது. மோர்ப்பானையில் எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருவது போல. பானை நிறைந்தே இருக்கும், மோர்தான் நீர்த்துப்போகும். அதனால்தான் ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்கும் மேலே தொடங்கி 0.9 வரை சரிந்துகொண்டே வருகிறது. ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகள் வோல்ட்டுக்கே அளவுகோலாக இருந்த வெஸ்டன் செல்லிலும் ஒரு முனை பாதரசம், மறுமுனை காட்மியம் கரைந்த பாதரசம் என்பது தற்செயல் அல்ல.

ஆக, அந்தக் கேமராக்களில் பட்டன் செல் எரிபொருளாக மட்டும் இருக்கவில்லை. தராசின் படிக்கல்லாக இருந்தது. இன்று அந்தப் படிக்கல் கிடையாது. 1996-ல் அமெரிக்கச் சட்டமும் அதையொட்டி ஐரோப்பியத் தடையும் பாதரச செல்களைக் கடையிலிருந்து அகற்றின; 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை உலக அளவில் அதை உறுதிசெய்தது. கேமராக்காரர்கள் சிலர் இன்றும் இந்தத் தடையைப் பற்றி முணுமுணுப்பதுண்டு. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு அந்த முணுமுணுப்பில் பங்கு சேர மனம் வராது. தடை சரி. கேள்வி, படிக்கல்லுக்குப் பதில் எதை வைப்பது என்பதே.

அதே உருவத்தில் ஆல்கலைன் பட்டன் செல் கிடைக்கிறது, கச்சிதமாகப் பொருந்தும், பொருந்துவதுதான் அதில் ஆபத்து. புதிதாகப் போட்ட வாரத்தில் 1.5 வோல்ட்டுக்கு மேல், எங்கோ நடுவில் ஒரு கட்டத்தில் சரியாக 1.35, பிறகு அதற்கும் கீழ். அதாவது ஒரே கேமரா ஒரே வெயிலை மாதத்துக்கு ஒரு விதமாகச் சொல்லும். வெள்ளி ஆக்சைடு செல் இதைவிட மேல். அதிலும் தூய பொருள் தூய பொருளாகவே மாறுவதால் வோல்ட் அசையாது. ஆனால் அசையாமல் நிற்கும் இடம் 1.55. கூடுதலாக இருக்கும் 0.2 வோல்ட் கேட்கச் சிறிது, 1.35-ல் அது ஏறத்தாழ 15 சதவீதம். இதை ஈடுகட்டத்தான் செல்லைச் சுற்றி மாட்டும் உலோக அடாப்டரில் ஒரு ஷாட்கி டயோடை வைக்கிறார்கள். அதைக் கடக்கும்போது 0.2 வோல்ட் அளவுக்கு விழும். அதுவும் முழுத் தீர்வல்ல. டயோடில் விழும் வோல்ட் நிலையானதல்ல. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் விழுவதும் சுமார் 60 மில்லிவோல்ட் குறையும். வெயிலில் சரியாகத் திருத்துவது, முள்ளை நகர்த்தும் மின்னோட்டம் சுருங்கிவிடும் அரையிருட்டில் சற்றுக் குறைவாகவே திருத்தும். என் பார்வையில் இருப்பவற்றில் நேர்மையான மாற்று, காதுகேட்கும் கருவியில் போடும் 675 என்ற துத்தநாக-காற்று செல்தான். அதில் ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் வெளியிலிருந்து துளை வழியே வரும் ஆக்சிஜன். காற்றின் அளவும் தன்மையும் மாறுவதில்லை. அதனால் வோல்ட்டும் 1.4 அருகில் அசையாமல் நிற்கிறது. விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு வளையம் வைக்க வேண்டும். துளையை மூடியிருக்கும் ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டொரு மாதங்களில், உள்ளிருக்கும் காரக் கரைசல் காய்ந்தும் காற்றிலுள்ள கரியமில வாயுவால் கெட்டும் போய்விடும். நீண்டநாள் உழைப்பு என்ற குணம் போயிற்று, படிக்கல் குணம் தப்பித்தது. கேமராவுக்கு வேண்டியது இரண்டாவது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கலர் நெகட்டிவ் ஃபிலிம் இந்தச் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், வெட்டியாகக் கவலைப்படுகிறீர்கள் என்பார்கள். நெகட்டிவ் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். வோல்ட் கூடினால் மீட்டர் இருக்கிற வெளிச்சத்தைவிட அதிகம் இருப்பதாக நினைக்கும். அதை நம்புகிறவர் ஃபிலிமுக்குக் குறைவாக ஒளி கொடுப்பார். நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாராளமாக மன்னிக்கும், குறை ஒளியை அவ்வளவாக மன்னிக்காது. ஸ்லைடு ஃபிலிமோ இரு பக்கமும் மன்னிக்காது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: சில பழைய கேமராக்கள் 1.55 வோல்ட் செல்லைப் போட்டாலும் சரியாகவே அளக்கின்றனவே? ஆம், 1964-ல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் அப்படி ஒன்று. அது என் வாதத்தை உடைக்கவில்லை, தெளிவாக்குகிறது. ஸ்பாட்மேட்டிக்கின் உள்ளே இருப்பது பிளஸ் டூ இயற்பியலில் எல்லோரும் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்று. அங்கே முள் எவ்வளவு விலகுகிறது என்று யாரும் படிப்பதில்லை. முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். சமநிலையில் இரு பக்கத்து மின்தடை விகிதங்களும் சமம். அந்தச் சமத்தில் செல்லின் வோல்ட் இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். 1.35 ஆனாலும் 1.55 ஆனாலும் நடு நடுதான். ஒரே காலத்து இரண்டு கேமராக்கள், இரண்டுக்கும் பாதரச செல். ஒன்று அதைப் படிக்கல்லாக வைத்துக்கொண்டது, மற்றது வெறும் எரிபொருளாக எடுத்துக்கொண்டது. பேட்டரி மேல் இருந்த எண்ணை மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அடுத்தது கால்குலேட்டர், இங்கே பிழை அளவோடு நிற்காது, கருவியே போய்விடும். 1975-ல் ஹியூலட்-பேக்கர்டு வெளியிட்ட எச்பி-25, 49 படிகள் வரை நிரல் எழுதக்கூடிய சட்டைப்பை கால்குலேட்டர். பென்சில் செல் அளவில் இரண்டு நிக்கல்-காட்மியம் செல்களைச் சேர்த்த ஒரு சிறு பெட்டிதான் அதன் பேட்டரி. இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட். ஐம்பது வருடத்தில் அந்த செல்கள் எங்கும் செத்திருக்கும். ஆனால் சுவரில் செருகும் பழைய அடாப்டர் கையில் இருக்கிறது. செத்த பேட்டரியைக் கழற்றிப்போட்டுவிட்டு அடாப்டரை மட்டும் செருகி ஓட்டலாமே என்று தோன்றும். செய்தால் அதுவே அந்தக் கால்குலேட்டரின் கடைசி நாளாக இருக்கக்கூடும். பேட்டரி இல்லாமல் சுவர் மின்சாரத்தில் இயக்காதே என்று நிறுவனத்தின் கையேடே எச்சரித்தது. அடாப்டர் அனுப்பியது ஒழுங்குபடுத்தப்படாத, தேவைக்கு மேல் வோல்ட் உள்ள மின்சாரம். அதை 2.4-க்கு அருகில் இழுத்துப் பிடித்து வைத்தது உள்ளே இருந்த பேட்டரி. நிக்கல்-காட்மியம் செல் மெதுவாக வரும் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கும்போது அதன் வோல்ட் சிறிதுதான் ஏறும். வாய்க்காலில் வெள்ளம் வந்தாலும் நடுவில் ஏரி இருந்தால் மடைக்குக் கீழே வயலில் நீர்மட்டம் குதிக்காது அல்லவா? ஏரியை எடுத்துவிட்டு வாய்க்காலை நேரே வயலில் திருப்பினால் என்ன ஆகுமோ அதுதான் சில்லுகளுக்கு ஆகிறது.

இந்தக் கோளாறு ஒளிந்தும் வரும். பழைய நிக்கல்-காட்மியம் செல்லிலிருந்து கசியும் காரம் தொடுமுனைகளில் ஊர்ந்து பச்சை பூத்துவிடும். பேட்டரி உள்ளே இருப்பது போலத் தெரிந்தாலும் மின்சுற்றைப் பொறுத்தவரை அது இல்லை. அடாப்டரைச் செருகினால் அதே முடிவு. தீர்வு, வேடிக்கையாக, மிக எளிது: பெட்டியைப் பிரித்து, இன்று ரீசார்ஜ் செல் என்று கடையில் விற்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல்கள் இரண்டை வைத்து, அவற்றை வெளியே தனி சார்ஜரில் ஏற்றிக்கொள்வது, பழைய அடாப்டரை மறந்துவிடுவது. பாதரச செல்லிடம் இருந்ததைப் போன்ற அசையா வோல்ட் இங்கே தேவையில்லை. ஏரியே வேண்டாம் என்று ஆக்கிவிட்டோம், ஏனென்றால் வாய்க்காலை அடைத்துவிட்டோம்.

பென்சில் செல் என்றதும் ஒரு நியாயமான ஐயம் எழும். 1989-ல் வந்த நின்டெண்டோ கேம் பாய் நான்கு பென்சில் செல்லில் ஓடும். ஆல்கலைன் போட்டால் 6 வோல்ட், ரீசார்ஜ் செல் போட்டால் 4.8. இரண்டிலும் ஓடுகிறது, சரியான அடாப்டரிலும் ஓடுகிறது. பேட்டரியின் குணம் அவ்வளவு முக்கியமென்றால் இது எப்படி? ஆல்கலைனின் குணமே அதன் குணங்கெட்ட தன்மைதான். அது சரிந்துகொண்டே போகும் என்று தெரிந்துதான் அந்தக் கருவியை வடிவமைத்தார்கள். புதிய செல்லின் உச்சத்திலிருந்து தீர்ந்த செல்லின் அடி வரை அது ஓடியாக வேண்டும். சுமை இழுக்கும்போது ஆல்கலைன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 1.3 வோல்ட்டுக்குக் கீழேதான் கழிக்கிறது, எனவே 1.2-ல் நிற்கும் ரீசார்ஜ் செல் அந்தக் கருவிக்குப் புதியதல்ல, பழகிய நடுப்பகுதி. ஒழுங்கில்லாத செல்லுக்கு ஏற்றபடி பிறந்த கருவி எதையும் தின்னும். ஒழுங்கான செல்லோடு பிறந்ததுதான் பின்னாளில் அடம்பிடிக்கிறது.

இனி கைபேசி. நோக்கியா 1100, 6600 முதலியவற்றில் இருந்த பிஎல்-5சி என்ற லித்தியம் அயனி பேட்டரியை அறியாதவர் குறைவு. மேலே 3.7 வோல்ட் என்று இருக்கும். உண்மையில் முழுதாக ஏற்றினால் 4.2, தீரும்போது 3 அருகில். ஆய்வுக்கூட மின்வழங்கி ஒன்றைச் சரியாக 3.7-ல் வைத்து, இரண்டு முதலைப் பிடிப்பான்களால் கைபேசியின் தொடுமுனைகளில் கொடுத்தால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம்: விளக்கு எரியும், பெயர் தெரியும், அலைவரிசையைத் தேடிப் பிடிக்கும் நொடியில் அணைந்துவிடும். 2ஜி கைபேசி தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. ஒரு அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது, 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறை 0.577 மில்லிநொடி மட்டும் ஒவ்வொருவருக்கும் வாய் திறக்க அனுமதி. பழைய ரேடியோ அருகே கைபேசியை வைத்தால் அழைப்பு வருமுன் கேட்கும் அந்த டிர்ர்ர் ஓசை இந்தத் துடிப்புகளின் ஓசைதான், நொடிக்கு 217 முறை. கோபுரம் தொலைவில் இருந்தால் அந்தக் குறுகிய நேரத்தில் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை அனுப்ப வேண்டும். அதற்கு பேட்டரியிடமிருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியும் துருவேறிய பிடிப்பான்களும் சேர்ந்து அரை ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் அதில் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே விழும். மேசைமேல் மீட்டர் 3.7 காட்டும், கைபேசிக்குக் கிடைப்பது 2.7. செத்த பேட்டரி என்று முடிவுகட்டி அது தன்னை அணைத்துக்கொள்ளும். மல்டிமீட்டரால் இந்தக் கணநேர வீழ்ச்சியைப் பிடிக்கவும் முடியாது. அது சராசரியைத்தான் காட்டும்.

சராசரி என்றதும், 1 ஆம்பியர் தரும் மின்வழங்கி போதாதா என்பார்கள். எட்டில் ஒரு பங்கு நேரம் 2 ஆம்பியர் என்றால் சராசரி கால் ஆம்பியர்தான். 1 ஆம்பியர் தாராளம். ஆனால் கருவி சராசரியில் வாழ்வதில்லை. சிக்கலைத் தீர்க்கும் வழி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு துடிப்புக்குத் தேவையான மின்னூட்டம் 2 ஆம்பியர் பெருக்கல் 0.577 மில்லிநொடி, அதாவது சுமார் 1.15 மில்லிகூலோம். கைபேசியின் தொடுமுனை அருகிலேயே ஒரு மின்தேக்கியை வைத்தால் துடிப்பின்போது அது கொடுக்கும், இடைவெளியில் மின்வழங்கி அதை நிரப்பும். 1000 மைக்ரோஃபாரட் தனியாகச் சுமந்தால் 1.15 வோல்ட் இறங்கும், பயனில்லை. 4700 மைக்ரோஃபாரட் என்றால் கால் வோல்ட்தான் இறங்கும். மின்வழங்கியை 4 வோல்ட் அருகில் வைத்து, கம்பியைத் தடிமனாகவும் குட்டையாகவும் ஆக்கி, இந்த மின்தேக்கியையும் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளும். யூஎஸ்பி-யின் 5 வோல்ட்டை நேரே கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, 4.2-க்கு மேல் பேட்டரி ஒருபோதும் தராது என்ற நம்பிக்கையில் உள்ளே இருக்கும் எல்லாம் அமைந்தவை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். கோபுரத்தின் குரலைக் கேட்காத வரை 2ஜி கைபேசி வாய் திறக்காது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். எனவே அங்கே அதே கைபேசியை மெல்லிய கம்பியிலும் ஓட்டலாம். 2ஜி உயிரோடு இருக்கும் இந்தியாவில்தான் அது 2 ஆம்பியர் கேட்கிறது. சிம் இல்லாமல் எழுந்து நின்று, சிம் போட்டதும் விழுந்தால் நோய் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பிஎல்-5சி-யில் கூட்டல், கழித்தல் தவிர மூன்றாவதாக ஒரு தொடுமுனை இருக்கிறது. அதற்கும் கழித்தலுக்கும் நடுவே ஒரு மின்தடை. அதன் மதிப்பைப் படித்துத்தான் கைபேசி எந்த பேட்டரி உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. இது வீண் கெடுபிடி போலத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2000-ல் வந்த நோக்கியா 3310 இரண்டு விதமான பேட்டரிகளை ஏற்றது: மூன்று செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு, அல்லது ஒற்றை செல் லித்தியம் அயனி. மூன்று 1.2 சேர்ந்தால் 3.6, லித்தியம் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு. ஓட்டுவதற்கு இரண்டும் ஒன்றுதான், சார்ஜ் ஏற்றும் முறையோ முற்றிலும் வேறு. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றுவது ஆபத்து. மின்வழங்கியில் ஓட்டுகிறவர் அந்த மின்தடையையும் பொய்யாக வைத்துக்காட்ட வேண்டும். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சார்ஜரைச் செருகிவிடவும் கூடாது. பேட்டரி இருப்பதாக நம்பிக் கைபேசி அதை ஏற்றத் தொடங்கும்; சாதாரண மின்வழங்கிக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. எச்பி-25-ன் ஏரி முப்பது வருடம் கழித்து மறுபடி காணாமல் போகிறது.

இத்தனை பாடு எதற்கு, பெட்டி பிரிக்காத ஒரிஜினல் பேட்டரியைத் தேடி வாங்கினால் தீர்ந்தது என்பது கடைசி மறுப்பு. லித்தியம் அயனி செல் ஊறுகாய் ஜாடி அல்ல. பயன்படுத்தாமல் வைத்தாலும் உள்ளே மின்முனைக்கும் கரைசலுக்கும் நடுவே மெதுவான வினைகள் நடந்துகொண்டே இருக்கும்; உள்மின்தடை ஏறும்; தானாகவே வடிந்து அளவுக்குக் கீழே போனால் எதிர்முனையைத் தாங்கும் செம்புத்தகடு கரையத் தொடங்கும். பிறகு ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாக்கலாம். 2006-ல் செய்த பேட்டரி, பெட்டி பிரிக்கவில்லை என்பதால் புதியதாகிவிடாது. அதுவும் அந்த வருடத்துப் பேட்டரி என்றால் இன்னொரு காரணம்: 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது மிகச் சூடாகலாம் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியாவே அறிவித்து மாற்றித்தர முன்வந்தது. உப்பிய பேட்டரியையும் நெடுநாள் செத்துக்கிடந்ததைத் தட்டி எழுப்பிய பேட்டரியையும்விட, மேசைமேல் அசிங்கமாகக் கம்பி தொங்கும் மின்வழங்கி பாதுகாப்பானது. உள்ளே மாட்டிக்கொண்ட குறுஞ்செய்திகளையும் படங்களையும் வெளியே எடுக்க ஒரு மணி நேரம் போதும். அதற்கு பேட்டரியே தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கைக்கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்த மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்தபின் குறைந்தது ஐந்து வருடம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். பொருந்தும் பேட்டரியை மென்பொருள் வைத்துத் தடுக்கக் கூடாது. நல்ல விதிகள். ஐந்து வருடம் என்பது இந்த அத்தியாயத்தில் வந்த எந்தக் கருவிக்கும் ஒரு மூலைக்குக்கூடப் போதாது என்பதும் உண்மை. பிஎல்-5சி இருபது வருடத்துக்கு மேலாகியும் கடைகளில் தொங்குவது எந்தச் சட்டத்தாலும் அல்ல. மலிவான எஃப்எம் ரேடியோக்களும் கையடக்க ஸ்பீக்கர்களும் அந்த உருவத்தைத் தமதாக்கிக்கொண்டதால். அவற்றுக்கு 2 ஆம்பியர் துடிப்பு தேவையில்லை, மூன்றாம் தொடுமுனையும் தேவையில்லை. ஆகவே இன்று செய்யப்படும் பிஎல்-5சி அந்த இரண்டிலும் தேற வேண்டிய கட்டாயமில்லை. ரேடியோவில் பாடுகிற அதே பேட்டரியை நோக்கியாவில் போட்டுச் சிம்மைச் செருகிப் பார்த்தால்தான் அது எந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டது என்று தெரியும்.